தொய்வுக்கு ஓர் எண்

முதலில் வெறும் பட்டியல்தான்.
எங்கிருந்து எங்கே, எத்தனை சதுர மில்லிமீட்டர், என்ன நிறம்.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
மேல்மாடியிலிருந்து ராதிம் அனுப்புவான்,
ஒரு வணக்கம்கூட இல்லாமல்.

பில்சென் நகரில் ஜனவரி.
புது ட்ராம் வண்டிக்கு ஓட்டுநர் மேசை
என் திரையில் சாம்பல் நிறத்தில் சுழல்கிறது.
கனெக்டர்களை அதனதன் இடத்தில் உட்கார்த்திவிட்டு
முதல் கம்பியை இழுக்கிறேன்.
கம்பி இல்லை, வளைகோடு.
விட்டத்தை மேலே போர்த்தினால்தான் கம்பி.
பதினேழைச் சேர்த்தால் ஒரு கற்றை,
கிளிப் கிளிப்பாய்த் தொற்றிக்கொண்டு
ஹீட்டர் குழாய்க்குக் கையகலம் ஒதுங்கி
கீலைத் தாண்டி, மூடியின் அடிவயிற்றுக்குப் போகும்.

வளைவு இறுகினால் சிவப்பு.
கொஞ்சம் தளர்த்துவேன். பச்சை.
மறுபடி சிவப்பு.
நாளில் பாதி எனக்குச் சிக்னலில் கழிகிறது.

இங்கே எடை கிடையாது.
எல்லா கிளிப்பையும் கழற்றினாலும்
கற்றை அந்தரத்தில் அப்படியே நிற்கும்.
குளிர் கிடையாது, உறை விறைப்பதில்லை.
கையுறையோடு உள்ளே கைவிட்டு
யாரும் கெட்ட வார்த்தை சொல்வதில்லை.

கடைசியில் தட்டையாக்கும் பொத்தான்.
நெளிந்து வளைந்து போனதெல்லாம்
மீன்முள்ளாய்ப் படுத்துவிடும்
மூன்று மீட்டர் நாற்பது தாளில், அசல் அளவில்.
கீழ்த்தளத்தில் யர்மிலா அதைப் பலகையில் ஒட்டி
ஆணி அடிப்பாள்.
ஆணிக்கு ஆணி கம்பி போகும்.
என் வளைவுகள் எதுவும் அவளுக்கு வந்து சேராது,
நீளம் மட்டும் சேரும்.

வியாழக்கிழமை போன் வந்தது.
"இறங்கி வா."
வைத்துவிட்டாள்.

மேசை வண்டியில் ஏறியிருந்தது.
மூடி மூடியிருந்தது.
நான் வரைந்த வழியிலேயே கற்றை
சொன்ன பேச்சுக் கேட்டுப் படுத்திருந்தது.
போஹுஷ் மூடியைத் தூக்கினான்.
பாதியில் நின்றது.
பதினேழு கம்பியும் நாண் ஏற்றியதுபோல் விறைத்து,
கனெக்டரின் கழுத்து ஒருபக்கம் சாய்ந்து.

ஆறு வாரம்.
ஆறு வாரமாக அந்த மூடியை
நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.
இரண்டு சொடுக்கு, எழுபது டிகிரி, அவ்வளவுதான் வேலை.
பட்டறைக் கதவு திறந்து கிடந்தது,
பனிக்காற்று உள்ளே வந்தது, எனக்கு வேர்த்தது.

யர்மிலா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
மேலங்கிப் பையிலிருந்து ஒரு சணல் நூலை எடுத்தாள்.
கீலைச் சுற்றிப் பிடித்து, மூடியைத் திறந்து, மூடி,
இன்னொரு தரம் திறந்து,
இரண்டு இடத்தில் கிள்ளி முடிச்சிட்டாள்.
நான் நீட்டிய எஃகு அளவுகோலைப் பார்க்கவே இல்லை.
"அளக்கிறது உன் வேலை" என்று
நூலை என் உள்ளங்கையில் வைத்தாள்.

இருந்ததைவிட முப்பத்தெட்டு மில்லிமீட்டர் கூட.

மேலே வந்து கீலருகே ஒரு வளையம் விட்டேன்.
மூடியிருக்கும்போது அது சும்மா தொங்க வேண்டும்.
சும்மா தொங்குவது என்றால் என்னவென்று
மென்பொருளுக்குத் தெரியவில்லை.
தொய்வு எத்தனை சதவீதம் என்று கேட்டது.
ஓர் எண்ணைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.

ராதிமும் கேட்டான்.
"நீளம் ஏறியிருக்கிறதே, செம்பு என்ன விலை தெரியுமா?
பதினேழு கம்பி, அறுபது வண்டி."
தெரியும் என்றேன்.
மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டம் மிகச் சிறியது.
"திறக்கும்" என்று எழுதினேன்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு
வண்டி முழுவதையும் திரையில் ஏற்றி
ஒவ்வொரு கீலாய்த் திறந்து பார்த்தேன்.
பயணிகள் கதவு, விளக்குப் பெட்டி, கூரைத் தட்டு.
பேட்டரி அறையின் கதவு
நாற்பது டிகிரியில் சிவந்தது.
அது தாலிபோர் வரைந்தது.
அவன் மலையில் பனிச்சறுக்கில் இருக்கிறான்,
திங்கட்கிழமைதான் வருவான்.

கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்,
யர்மிலாவின் மேசையில்
இன்னும் நூல் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க.